இரவல் குடிமகன்

எத்தியேன் புதுச்சேரிக்கு வந்த முதல் வாரமே போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டது. கடற்கரைச் சாலையில் நின்றிருந்த ஒரு சிவப்புத் தொப்பிக் காவலரைக் கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, "வணக்கம், குடிமகனே!" என்று உரக்கச் சொல்லியிருக்கிறார்.

புதுச்சேரியில் ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது ஊருக்கே தெரியும். வாரக் கடைசியில் பக்கத்து மாவட்டங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். காவலர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவியை எடுத்து நீட்டினார்.

"ஊது."

எத்தியேன் சந்தோஷமாக ஊதினார். கருவி ஒன்றும் காட்டவில்லை. காவலர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், நீ யாரு? எந்த ஊரு?" என்றார். அவ்வளவுதான், எத்தியேனுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன நீன்னு சொன்னான்! போலீஸ்காரனே என்ன நீன்னு சொன்னான்!" என்று கூவி மறுபடியும் கட்டிப்பிடித்தார். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை என்று காவலர் ஜீப்பைக் கூப்பிட்டுவிட்டார்.

நான்தான் போய் மீட்டுவர வேண்டியதாயிற்று. ஸ்டேஷனில் ஆய்வாளர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேவசுந்தரி. மொழிப் பொறியாளர், இரவல் துறை. இரவல் துறைன்னா என்னம்மா?"

"லைப்ரரி புத்தகம் மாதிரிதான் சார். பழைய காலத்துலேர்ந்து ஒரு ஆளக் கொஞ்ச நாளைக்கு எடுத்துட்டு வருவோம். அந்தக் காலத்தப் பத்தி அவர்கிட்ட கேட்டுப் பதிவு பண்ணிப்போம். அப்புறம் எடுத்த இடத்துல, எடுத்த அதே நொடியில வெச்சிடுவோம். அங்க ஒருத்தருக்கும் தெரியாது."

"வெக்கலன்னா?"

"அந்த எடம் ஓட்டையாவே இருக்கும். ஓட்டை பெருசாயிட்டே போகும். திருப்பி வெச்சே ஆகணும்னு சட்டம்."

"இவரு திரும்பிப் போயி, புதுச்சேரியில ஊதச் சொன்னாங்கன்னு சொல்லிட மாட்டாரா?"

"ஊசி போட்டுதான் அனுப்புவோம். இங்க நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது."

"குடுத்து வெச்சவரு," என்று பெருமூச்சு விட்டபடி ஆய்வாளர் கையெழுத்துக் கேட்டார்.

எத்தியேன் பாரிஸ்காரர். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருடத்து ஆள். அவர் ஊரில் அந்த வருடம் சிவப்புத் தொப்பி வைத்தவன் புரட்சிக்காரன். 'குடிமகன்' என்பதோ அரசனிடமிருந்து உயிரைக் கொடுத்து வாங்கிய பட்டம். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவர் கழுத்தில் நான் மாட்டிவிட்ட பட்டை இருக்கிறதே, அதுதான் அவருடைய பிரெஞ்சை வாங்கித் தமிழில் பேசும், நம் தமிழை அவர் காதில் பிரெஞ்சாகச் சொல்லும். அகராதிப்படி சரியாகத்தான் பேசியது. அகராதி எழுதியவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

அன்றே 'குடிமகன்' என்பதை எடுத்துவிட்டு 'தோழர்' என்று போட்டேன். பெரிய பிரச்சினை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். எத்தியேன் பொய்முடி செய்கிறவர். பிரபுக்களின் வழுக்கைத் தலைகளுக்கு அழகழகாக வெள்ளை முடி செய்து கொடுத்துக்கொண்டே, பிரபுக்களே வேண்டாம் என்று காப்பிக் கடைகளில் பேசிக்கொண்டிருந்தவர். பேச்சு பலித்தது. பிரபுக்கள் போனார்கள், வியாபாரமும் போயிற்று. "வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன். "தலை பொய், முடி பொய். ரெண்டும் போச்சு, நல்லதுதான்," என்றார். பட்டைக்குக் குரல் கொடுத்தவர் முத்தியால்பேட்டையில் மேடை ஏறிப் பேசும் ஒரு கட்சிக்காரர். அதனால் எத்தியேன் உப்பு கேட்டால்கூட ஓட்டு கேட்பது போலத்தான் இருக்கும்.

நாங்கள் அவரை எடுத்த நொடி சாதாரண நொடி இல்லை. பாரிசில் அப்போது பேட்டைக்குப் பேட்டை ஒரு சபை. அவருடைய பேட்டைச் சபை ஒரு பழைய மடத்தில் கூடியிருந்தது. அன்றைக்குத் தீர்மானம் இதுதான்: இனி எந்த மனிதனும் தனி ஒருவரை 'நீங்கள்' என்று அழைக்கக் கூடாது. பிரபுக்களுக்குக் கும்பிடு போட்டுப் பழகிய சொல் அது. எல்லோருக்கும் 'நீ' மட்டும்தான். மீறுகிறவர் சந்தேகத்துக்குரியவர். அந்த மாதங்களில் பாரிசில் சந்தேகத்துக்குரியவர் என்று பெயர் வாங்கினால் முதலில் சிறை. அங்கிருந்து தலை வெட்டும் கில்லட்டினுக்கு ரொம்ப தூரமில்லை. தீர்மானத்தை ஆதரித்துப் பேச எத்தியேன் எழுந்து நின்றார். நிற்கும்போது எடுத்துவிட்டோம்.

ஆக, இங்கே வந்தவர் சும்மா இருப்பாரா? முதல் சந்திப்பிலேயே எங்கள் டைரக்டர் டாக்டர் அமிர்தகணேசனிடம் கையை நீட்டினார்.

"தோழரே, எப்படி இருக்க? உன் நாற்காலி மட்டும் ஏன் இவ்ளோ ஒசரமா இருக்கு?"

டைரக்டரை அவருடைய மாமனார்கூட 'நீ' என்று சொல்வதில்லை. கையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னம்மா தேவசுந்தரி, அந்தப் பட்டையில மரியாதைக்கு ஒரு சுவிட்ச் வெக்க முடியாதா? அவர் நீன்னு சொன்னா அது நீங்கன்னு பேசட்டுமே. யாருக்கு நஷ்டம்?"

"பதிவெல்லாம் பொய்யாயிடும் சார். அவர் காலத்துல அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தலையே போயிருக்கு. அத மாத்திட்டா நம்ம ஆராய்ச்சிக் கட்டுரைய ஒருத்தனும் சீந்த மாட்டான்."

கட்டுரை என்றதும் டைரக்டர் இறங்கி வந்தார். ஆனாலும் எத்தியேன் இருக்கும் பக்கமே தலை காட்டுவதில்லை.

எத்தியேனிடம் நான் எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். அவர் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்கிற மாதிரி கேட்டார்.

"நீங்க நீன்னு யார யாரச் சொல்லுவீங்க?" இது பன்மை. அதாவது தமிழர்கள் எல்லோரையும் சேர்த்துக் கேட்கிறார்.

"குழந்தைங்கள. கூடப் படிச்சவங்கள. அம்மாவ. சாமிய."

"சாமிய நீன்னு சொல்லுவீங்க, டைரக்டரச் சொல்ல மாட்டீங்க?"

"சாமி கோவிச்சுக்காது."

"வேற யாரு?"

நான் கொஞ்சம் தயங்கினேன். "சொல்லு," என்றார். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், கூட்டுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று சொன்னேன். வயது வித்தியாசமெல்லாம் அங்கே பார்ப்பதில்லை என்றும் சொன்னேன்.

"அப்ப எங்க பாரிஸ் மாதிரியேதான்!" என்று அவர் துள்ளி எழுந்தார். "எல்லா மனுஷனும் ஒரே மாதிரிதான் பொறக்கிறான். அப்புறம் எதுக்கு ரெண்டு வார்த்த? அந்த ஒசந்த வார்த்தைய ஒழிச்சுக் கட்டணும். ஒங்க ஊருல அத நான் ஆரம்பிச்சு வெக்கிறேன்."

ஆரம்பித்தும் வைத்தார். கவுன்சிலரை 'நீ' என்றார். கோயில் அர்ச்சகரையும் பங்குச் சாமியாரையும் ஒரே நாளில் 'நீ' என்றார். ஜூலை பதினான்காம் தேதி, பாரிஸ் மக்கள் அரசனின் கோட்டையை உடைத்த நாளின் விழாவில், பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துப் பெரியவர்கள் மெடல் குத்திக்கொண்டு அணிவகுத்து வந்தபோது, குறுக்கே போய் ஒருவரிடம் "கோட்டைய ஒடைச்சவன் நானு, மெடல் ஒனக்கா?" என்று கேட்டு வைத்தார். நல்லவேளை, அந்தப் பெரியவருக்குக் காது கேட்காது. நான் பின்னாலேயே ஓடி ஓடி மன்னிப்புக் கேட்டேன். நேர்முகத் தேர்வில் இந்த வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அவர் யாருக்காக இந்தப் பாடுபட்டாரோ அவர்கள் தன்னைக் கொண்டாடுவார்கள் என்று உறுதியாக நம்பினார். அதில்தான் மாட்டிக்கொண்டார்.

எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்கிறவர் பச்சையம்மா. துப்புரவுத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். குரல் மூன்று மாடிக்கும் கேட்கும். டைரக்டர் அவரை "ஏ பச்ச" என்பார். நான் இந்தக் கட்சியும் இல்லை, அந்தக் கட்சியும் இல்லை. "அந்த டம்ளர எடுத்துட்டா நல்லாயிருக்கும்", "இங்க கொஞ்சம் பெருக்கணும்" என்று ஆளே இல்லாத வாக்கியங்களில் காலம் தள்ளுகிறவள். தமிழ் அதற்கு ரொம்ப வசதியான மொழி.

எத்தியேன் ஒருநாள் பச்சையம்மாவின் எதிரே போய் நின்று, நெஞ்சில் கை வைத்து, மேடைக் குரலில் அறிவித்தார்.

"தோழரே, இன்னியிலேர்ந்து நீயும் நானும் சமம். நா ஒன்ன நீன்னுதான் கூப்பிடுவேன்!"

பச்சையம்மா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்தார்.

"இன்னா புதுசாச் சொல்ல வந்துட்ட? பொறந்ததுலேர்ந்து அதத்தான கேக்குறேன்."

"இல்ல, நா எல்லாரையும் நீன்னுதான் சொல்றேன். ஒங்க டைரக்டரையும்."

"அது அவருக்குப் புதுசு. கோவம் வருது, மொகம் செவக்குது. எனக்கு இன்னா புதுசு? மேல குந்தினு இருக்குறவரக் கீழ எறக்கிட்ட, சரி. நானு கீழதான நின்னுனு இருக்கேன்? என்ன எப்ப ஏத்துவ?"

எத்தியேன் கழுத்துப் பட்டை சரியாக வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்த்தார். பச்சையம்மாவுக்குக் கோபம் தணியவில்லை.

"சங்கத்துல நாங்க இன்னா கேட்டோம் தெரியுமா? மொதக் கோரிக்கையே அதான். மேஸ்திரி எங்களை வாங்க போங்கன்னு பேசணும்னு. அவன நாங்க வாடா போடான்னு பேசணும்னு கேக்கல. எங்க கோரிக்கைய இந்தக் காத்தடிக்குற வாயால ஒடைச்சிடாத சாமி."

இதைச் சொல்லிவிட்டு அவர் மீதி இடத்தையும் பெருக்கினார். எத்தியேன் நின்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு பெருக்கினார்.

அன்று முழுவதும் எத்தியேன் சாப்பிடவில்லை. சாயங்காலம் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அவர் குரல் அப்படித் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

"பிரபு வீட்டுக் களஞ்சியத்துல கோதும பூட்டிக் கெடந்துது. நாங்க போயி கொளுத்திட்டோம். அவனுக்கும் இல்ல, எவனுக்கும் இல்லன்னு ஆடுனோம். பசிச்சவங்களுக்கு அளந்து குடுத்திருக்கலாமே. ஏன் தோணல?"

"ஒங்களுக்கு மட்டும் இல்ல, அங்க யாருக்கும் தோணல."

"பகுத்தறிவுன்னு வாய் கிழியப் பேசுனேன். ஒரு வார்த்தைய யாரு வெச்சிருக்காங்கன்னு பாத்தேன். யாருக்குக் கெடைக்கவேயில்லன்னு பாக்கல."

பிறகு எழுந்து, குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு போன பச்சையம்மாவிடம் போனார். அவர் வாயிலிருந்து அந்தப் பிரெஞ்சுச் சொல் கஷ்டப்பட்டு வந்தது. பல வருடங்களாக அவர் காறித் துப்பிய சொல் அது.

"நீங்க குடுங்க, நான் தூக்கிட்டு வரேன்."

பச்சையம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "கூடய நானே தூக்கிக்குறேன். பேசுறது அப்படியே இருக்கட்டும்," என்றார்.

அன்றிலிருந்து எத்தியேன் எல்லோருக்கும் 'நீங்க'தான். டீக்கடைக்காரருக்கு, வாட்ச்மேனுக்கு, ஸ்கூல் பிள்ளைகளுக்கு, எல்லோருக்கும். எங்கள் வளாகத்தில் திரியும் நாயிடமும் "வாங்க" என்பார். அதற்கு 'வா' மட்டும்தான் தெரியும். பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டு குழப்பத்தோடு உட்கார்ந்திருக்கும். ஸ்டேஷனுக்குப் போய் அந்தச் சிவப்புத் தொப்பிக் காவலரிடமும் "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தார். அவர் பயந்துபோய் எழுந்து நின்றாராம்.

மாதங்கள் போகப் போக அலுவலகமே மாறியது. எனக்கும் வாக்கியத்தில் ஆள் வந்துவிட்டது, "பச்சையம்மா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று. டைரக்டருக்கு மட்டும் இதுவும் பிடிக்கவில்லை. 'நீ' போய் 'நீங்க' வந்ததில் முதலில் குளிர்ந்துபோனவர், அடுத்த நிமிடமே பச்சையம்மாவுக்கும் அதே 'நீங்க' போவதைக் கேட்டார்.

"எனக்கும் நீங்க, அவளுக்கும் நீங்களா? அப்ப எனக்குன்னு என்னதான் இருக்கு?"

"நாற்காலி இருக்கு சார்," என்றேன்.

திருப்பி அனுப்பும் நாள் நெருங்கியபோது, டைரக்டர் கீழ்த்தளத்துக் கூடத்தில் புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கதவோரம் நின்று கேட்டேன்.

"ஊசி ஞாபகத்தத்தான் அழிக்கும். பழக்கத்த அழிக்காது. போன தடவ ஒரு போர்ச்சுகீசிய மாலுமிய இரவல் வாங்கினோம். திருப்பி வெச்ச பிறகு ஜன்னல் திரையில பாத்தா, ஆளு சாப்பிட்டு முடிச்சிட்டுத் தகரத் தட்ட மடிக்கப் பாக்குறான். வாழையிலைன்னு நெனப்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எத்தியேன் போய் நிற்கப்போவது அந்தச் சபையில். 'நீங்கள்' என்று ஒருவரைச் சொன்னால் ஜெயிலுக்குப் போகும் தீர்மானத்தின் நடுவில். ஞாபகம் எல்லாம் போய்விடும். நாக்கு மட்டும் புதுச்சேரி நாக்காக இருக்கும். லைப்ரரி புத்தகத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு மனிதரைக் கத்திக்குக் கீழே தள்ளப்போகிறோம்.

டைரக்டரிடம் ஓடினேன். அவர் கெட்டவரில்லை, அவருக்கும் முகம் வெளிறியது. "அனுப்பாம இருக்க முடியாதும்மா. ஓட்டை விழுந்துடும். வேணும்னா நீ அவருக்கு மறுபடி பழக்கு. நீ, வா, போன்னு பேச வை," என்றார்.

பழக்கினேன். எத்தியேனிடம் நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் பழக்கினேன். நானும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, "நீ எங்க போற?" "நீ என்ன சாப்பிட்ட?" என்று சின்னப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது போலச் சொல்லிப் பார்த்தோம். நிதானமாகச் சொன்னால் வரும். பின்னாலிருந்து யாராவது இடித்தால், டீயைக் கையில் கொட்டினால், திடுக்கிட்டால், 'நீங்க'தான் வரும். என்னுடைய பழைய வித்தையையும் காட்டினேன், ஆளே இல்லாமல் வாக்கியம் பேசுவது. பிரெஞ்சில் அதற்கு வழியில்லையாம். வினைச்சொல்லுக்கு முன்னால் யாராவது ஒருவர் வந்து நின்றே ஆகவேண்டுமாம். என்ன மொழியோ!

விஷயம் பச்சையம்மாவுக்குத் தெரிந்தது. வேலையைப் போட்டுவிட்டு வந்து எத்தியேன் முன்னால் நின்றார்.

"தோழரே, என்ன நீன்னே கூப்பிடுங்க. என்னாண்டயே சொல்லிப் பழகுங்க. எனக்கு ஒன்னும் ஆயிடாது, கேட்டுக் கேட்டு மரத்த காதுதான். எனக்கு மரியாத குடுக்கப் போயி ஒங்க கழுத்து போவக் கூடாது."

எத்தனை வருடம் போராடி வாங்கிய வார்த்தை! அதை இப்படித் திருப்பிக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

எத்தியேன் முயன்றார். "நீ..." என்று தொடங்கினார். முகம் சிவந்தது. பிரெஞ்சில் சட்டென்று மாற்றிக்கொண்டார். பட்டையும் கூடவே திணறி, "நீ... ங்க," என்றது. பச்சையம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

எத்தியேன் என் பக்கம் திரும்பினார். "போதும். பழக்குறத நிறுத்திக்கலாம்."

"செத்துடுவீங்க எத்தியேன்!"

"இங்க கத்துக்கிட்டது எதுவும் ஞாபகம் இருக்காதுன்னு சொல்றீங்க. நாக்கு மட்டும்தான் மறக்காதுன்னு சொல்றீங்க. அப்ப நா இங்கேர்ந்து எடுத்துட்டுப் போறது அது ஒன்னுதான். அதையும் புடுங்கிக்கிட்டு அனுப்பப் பாக்குறீங்களே, நியாயமா?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவர்மீது இல்லை, இரவல் வாங்கலாம் என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர்கள்மீது.

அனுப்புகிற நாளில் பட்டையை நானே கழற்றினேன். ஆளைத் திருப்பி அனுப்பும் கூட்டில் ஏறுவதற்கு முன் அவர் பச்சையம்மாவிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பட்டை இல்லாததால் புரியாமலே பச்சையம்மா, "நல்லபடியா போயிட்டு வாங்க," என்றார். ஊசி போட்டார்கள். கண்ணை மூடினார். கூடு காலியாகிவிட்டது.

ஜன்னல் என்று நாங்கள் சொல்வது சுவரில் இருக்கும் ஒரு பெரிய திரை. திருப்பி வைத்த இடத்தைச் சிறிது நேரம் காட்டும், சத்தமும் கேட்கும். அப்புறம் மூடிக்கொள்ளும். டைரக்டர், நான், பச்சையம்மா, மற்றவர்கள் எல்லோரும் அதன் முன் நின்றோம். நான் பிரெஞ்சைக் கேட்டுப் பச்சையம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பழைய மடம். பெஞ்சுகளில் நெருக்கியடித்து ஆண்கள், மேல்மாடத்தில் பெண்கள். தலைவர் இடத்தில் சிவப்புத் தொப்பியோடு, கையில் மணியோடு ஒரு தடித்த ஆள். நடுவில் எத்தியேன், எதற்கோ எழுந்து நின்றது மறந்துபோன மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"குடிமக்களே," என்று பேசத் தொடங்கினார். நான் மூச்சு விட்டேன். கூட்டத்தைப் பார்த்துப் பேசும்வரை ஆபத்தில்லை, பலரைச் சொல்ல பிரெஞ்சிலும் 'நீங்கள்'தான். தனியாக ஒருவரிடம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். உட்காருங்க, உட்காருங்க என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பேச்சின் வேகத்தில் எத்தியேன் ஒரு அடி பின்னால் வைத்தார். பின்னால் நடைபாதையில் தண்ணீர் சுமக்கும் பெண் ஒருவர், இரண்டு வாளிகளோடு வந்துகொண்டிருந்தார். வாளி சாய்ந்து அவர் பாவாடை முழுக்க நனைந்தது. எத்தியேன் திரும்பினார், குனிந்து வாளியைப் பிடித்தார். வாயிலிருந்து வந்தேவிட்டது.

"மன்னிச்சுக்கங்க, தோழரே."

மணி அடித்தது. கூடம் அடங்கிவிட்டது.

"யாரச் சொன்ன அப்படி?" என்றார் தலைவர். "இங்க எந்த பிரபு வீட்டம்மா ஒளிஞ்சிருக்கா?"

எத்தியேன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவருக்கே புரியவில்லை. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஈரப் பாவாடையோடு, வெடித்த கைகளோடு, ஒரு தண்ணீர்க்காரம்மா. சிலர் சிரித்தார்கள். "ஏழைய நக்கலடிக்கிறான்!" என்று ஒருவன் கத்தினான். "சந்தேகத்துக்குரியவன்! புடிங்க!" என்றான் இன்னொருவன். இரண்டு பேர் எத்தியேனின் தோளைப் பிடித்தும்விட்டார்கள். பச்சையம்மா என் கையைப் பிடித்திருந்தார், எலும்பு நொறுங்குகிற மாதிரி.

தலைவர் குழம்பிப்போயிருந்தார். பிரபுவை அப்படி அழைத்தால் குற்றம். தண்ணீர்க்காரியை அழைத்தால் அது எதில் சேரும்? அவர் அந்தப் பெண்ணிடமே கேட்டார்.

"இவன் ஒன்னக் கேலி பண்ணானா? நீயே சொல்லு."

அந்த அம்மா எத்தியேனை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார். நான் மொழிபெயர்க்க மறந்து நின்றேன்.

"இன்னா சொல்றாங்க?" என்று பச்சையம்மா உலுக்கினார்.

"இன்னொரு தடவ சொல்லுன்னு கேக்குறாங்க."

எத்தியேன் வாயிலிருந்து கையை எடுத்தார். இந்தத் தடவை அது பழக்கத்தில் வரவில்லை. தோளில் இரண்டு பேருடைய பிடி இருக்க, நிறுத்தி, யோசித்து, அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"மன்னிச்சுக்கங்க."

மாடத்திலிருந்து ஒரு பெண், "எனக்கும் சொல்லு!" என்று கத்தினார். பக்கத்திலிருந்தவர் "எனக்கு!" என்றார். மாடம் முழுக்கச் சிரிப்பு, நல்ல சிரிப்பு. தோளைப் பிடித்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கையை எடுத்தார்கள். தலைவர் மணியை மேசைமேல் வைத்துவிட்டு, "உக்காரு, உக்காரு, அடுத்த ஆளு பேசட்டும்," என்றார். எத்தியேன் உட்கார்ந்தார். ஜன்னல் மூடிக்கொண்டது.

நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், செருமினார். என்ன சொல்வதென்று தெரியாமல் தன் வழக்கத்துக்கே போனார்.

"ஏ பச்ச, எல்லாருக்கும் டீ கொண்டா."

பச்சையம்மா இன்னும் அந்த இருண்ட திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் திரும்பினார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க சார்," என்றார்.

நாங்கள் எல்லோரும் டைரக்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.